புதுச்சேரி – பெங்களூரு, புதுச்சேரி – ஹைதராபாத்: தூரமும் பறக்கும் நேரமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கடலூரிலும் புதுச்சேரியிலும் விமான டிக்கெட் எடுத்துத் தரும் தொழிலில் இருப்பதால், ஒரே ஐயங்களை வெவ்வேறு ஆட்களிடமிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்து, விடைகளை மட்டும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். தூரங்கள் மாறாதவை. புறப்படும் நேரமும் சேவையும் மாறக்கூடியவை என்பதால், பயண நாளுக்குரிய அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டே டிக்கெட் எடுக்க வேண்டும்.

1. பாண்டியிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் எத்தனை கிலோமீட்டர்? எவ்வளவு நேரம் ஆகும்?

லாசுப்பேட்டையில் உள்ள புதுச்சேரி விமான நிலையத்துக்கும், தேவனஹள்ளி அருகே உள்ள கெம்பேகவுடா விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 266 கிலோமீட்டர். டிக்கெட்டில் அச்சாகும் பயண நேரம் ஏறத்தாழ 1 மணி 15 நிமிடத்திலிருந்து 1 மணி 25 நிமிடம் வரை இருக்கும்.

2. ஹைதராபாத்துக்கு?

சம்ஷாபாதில் உள்ள ராஜீவ் காந்தி விமான நிலையம் வரை நேர்கோட்டில் சுமார் 604 கிலோமீட்டர். பயண நேரம் ஏறத்தாழ 1 மணி 45 நிமிடம். தூரம் பெங்களூரைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருக்க, நேரம் மட்டும் அரை மணிதான் கூடுவது எப்படி என்று உடனே அடுத்த கேள்வி வரும். அதற்கான விடை 5-ஆம் கேள்வியில் இருக்கிறது.

3. கூகுளில் தேடினால் ஒரு இடத்தில் 266, இன்னொரு இடத்தில் 165, வேறு ஒன்றில் 144 என்று வருகிறது. எதுதான் சரி?

மூன்றும் சரி. 266 என்பது கிலோமீட்டர், 165 என்பது நாம் பள்ளியில் படித்த மைல், 144 என்பது கடல் மைல். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கப்பல்காரர்களைப் போலவே விமானிகளும் தூரத்தைக் கடல் மைலிலும் வேகத்தை 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அலகிலும் சொல்வதால், விமானத் துறை சார்ந்த பக்கங்களில் அந்தச் சிறிய எண் வருகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

இதைத் தவிர ஒரு சிறிய வேறுபாடும் உண்டு. சில பக்கங்கள் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளக்கின்றன, சில பக்கங்கள் ஊரின் நடுப்பகுதியிலிருந்து நடுப்பகுதிக்கு அளக்கின்றன. பின்னதில் புதுச்சேரி – பெங்களூரு 270 கிலோமீட்டரை ஒட்டி வரும். நான்கைந்து கிலோமீட்டர் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

4. காரில் போனால் 310 கிலோமீட்டருக்கு மேல் காட்டுகிறதே. வித்தியாசம் அவ்வளவுதானா? அப்புறம் எதற்கு விமானம்?

புதுச்சேரியிலிருந்து சாலை முதலில் வடக்கே திண்டிவனம் போகிறது. அங்கிருந்து மேற்கே திரும்பி செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு சேர்கிறது. கடலூர்க்காரர்கள் விழுப்புரம் வழியாகத் திருவண்ணாமலை போய் அதே சாலையில் சேர்ந்துகொள்வதும் உண்டு. ஜவ்வாது மலையின் தெற்கு விளிம்பை ஒட்டி, செங்கம் கணவாய் வழியாக இந்தச் சாலை மேட்டு நிலத்துக்கு ஏறுகிறது. 1767-ல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயரின் படையும் மோதிக்கொண்ட இடம் அது. கரையிலிருந்து மைசூர் நாட்டுக்கு ஏற அன்றும் அதுதான் வசதியான வழி. வழி இவ்வளவு நேராக அமைந்திருப்பதால்தான் சாலைத் தூரம் வான் தூரத்தைவிட ஆறில் ஒரு பங்கு மட்டுமே கூடுதலாக இருக்கிறது.

ஆகவே இந்த இரு ஊர்களுக்கு இடையே விமானம் மிச்சப்படுத்துவது தூரத்தை அல்ல, வேகத்தால் வரும் நேரத்தைத்தான். அந்த நேரமும் எல்லாருக்கும் மிச்சமாவதில்லை. யாருக்கு மிச்சமாகிறது, யாருக்கு இல்லை என்பதை 11-ஆம் கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

5. "பறக்கும் நேரம் 50 நிமிடம்" என்று ஒரு தளத்தில் போட்டிருக்கிறது. டிக்கெட்டில் ஒண்ணேகால் மணி நேரம். யாரை நம்புவது?

டிக்கெட்டை நம்புங்கள். தூரம் காட்டும் தளங்களில் பல, இரண்டு ஊர்களின் அட்சரேகை தீர்க்கரேகையை எடுத்து, இடையே உள்ள தூரத்தைப் பெரிய ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் அதிகமான எண்ணால் வகுத்து, ஏறி இறங்க அரை மணியைச் சேர்த்துவிடுகின்றன. 266-ஐ அப்படி வகுத்தால் 20 நிமிடம், அதோடு 30 சேர்த்தால் 50. அந்தக் கணக்குக்கு அந்த வழியில் என்ன விமானம் ஓடுகிறது என்பதே தெரியாது.

டிக்கெட்டில் உள்ள நேரம் வேறு வகை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, அடுத்த ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் வரை உள்ள மொத்தம் அது. ஓடுபாதைக்கு நகர்ந்து போவது, முறைக்காகக் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, இறங்குவதற்கு முன் வட்டமிடுவது, இறங்கியபின் நிறுத்துமிடம் வரை ஊர்ந்து போவது எல்லாம் அதில் அடக்கம். லாசுப்பேட்டையில் இந்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டு இணை ஓடுபாதைகளோடு நாள் முழுதும் நெரிசலாக இருக்கும் பெங்களூரில் அப்படி முடியாது. மேலும், விமானம் வரைபடத்தில் கோடு போட்டதுபோல் நேராகப் போவதில்லை. வகுக்கப்பட்ட தடங்களில் போய், கட்டுப்பாட்டு மையம் சொல்லும் பக்கத்திலிருந்து வந்து இறங்குகிறது.

இந்தக் கூடுதல் நேரம் பயணம் குறுகியதோ நீண்டதோ, பெரிதாக மாறாது. 2-ஆம் கேள்வியில் தொக்கி நின்ற ஐயத்துக்கு விடை இதுதான். ஹைதராபாத்துக்குப் போகையில் கூடுவது நடுவான தூரம் மட்டும், அந்த 338 கிலோமீட்டரை விமானம் முழு வேகத்தில் கடந்துவிடுகிறது.

6. ஏன் காற்றாடி விமானம் விடுகிறார்கள்? பழைய விமானமா அது?

பழையது அல்ல. இங்கே வரும் ஏடிஆர் 72-600 வகை இன்றும் தயாரிப்பில் உள்ள விமானம். வெளியே சுழலும் காற்றாடியை உள்ளே இருக்கும் விசைச்சுழலி (டர்பைன்) இயந்திரம் ஓட்டுகிறது. வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். இண்டிகோ ஓட்டும் ஏடிஆரில் 78 இருக்கைகள், நடைபாதைக்கு இருபுறமும் இரண்டிரண்டாக இருக்கும்.

காரணம் லாசுப்பேட்டையின் ஓடுபாதை. அதன் நீளம் சுமார் 1,500 மீட்டர். 180 பேரை ஏற்றும் ஏர்பஸ், போயிங் ரக ஜெட் விமானங்கள் முழுச் சுமையோடு இயங்குவதற்கு அது போதாது. நீட்டிக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. ஆனால் அதற்குத் தேவையான நிலத்தில் ஒரு பகுதி விழுப்புரம் மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டில் இருப்பதால், இரண்டு அரசுகளும் ஒத்துவந்தால்தான் காரியம் நடக்கும்.

ஜெட் வந்தால் நேரம் பாதியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு: பெங்களூரு வரையிலான 266 கிலோமீட்டரை 500 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 32 நிமிடம், 830 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 19 நிமிடம். மிச்சம் 13 நிமிடம்தான், அதுவும் ஏறிய உடனே இறங்க வேண்டிய தூரம் என்பதால் ஜெட் தன் முழு வேகத்தை எட்டிப்பிடிப்பதற்குள் முடிந்துவிடும். ஹைதராபாத் என்றால் அரை மணி வரை மிச்சமாகும்.

7. போகும்போது ஒரு நேரமும் வரும்போது வேறு நேரமும் போட்டிருக்கிறதே, ஒரே தூரம்தானே?

எதிர்க்காற்றுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அதன் பங்கு இந்த வழியில் சிறிது. மணிக்கு 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தாலும் பெங்களூருப் பயணத்தில் மூன்று நிமிடமும், ஹைதராபாத் பயணத்தில் ஆறேழு நிமிடமும்தான் கூடும். பெரிய விமான நிலையத்தில் இறங்கும் வரிசைக்காகவும், நிறுத்துமிடம் கிடைப்பதற்காகவும் அட்டவணையில் கூடுதலாக ஒதுக்கிவைக்கும் நிமிடங்களே வித்தியாசத்தில் பெரும்பங்கு. அந்த நிமிடங்கள் தேவைப்படாத நாளில் விமானம் "முன்கூட்டியே" வந்து சேர்ந்ததாக அறிவிப்பார்கள், பயணிகளும் மகிழ்ச்சியோடு இறங்குவார்கள்.

8. அங்கே இறங்கினால் கடிகாரத்தை மாற்றணுமா?

வேண்டாம். நாடு முழுவதும் ஒரே நேரம்தான்.

9. "கடலூர் – பெங்களூரு விமான தூரம் 273 கி.மீ." என்று ஒரு பக்கம் சொல்கிறது. கடலூரில் விமான நிலையம் எங்கே இருக்கிறது?

இல்லை. 5-ஆம் கேள்வியில் சொன்ன கணக்குதான் இங்கேயும். வரைபடத்தில் பெயர் உள்ள எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் அந்தத் தளங்கள் தூரமும் பறக்கும் நேரமும் காட்டும். பண்ருட்டிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே கேட்டாலும் காட்டும். தூரம் மெய்யானது, பறக்கும் நேரம் வெறும் வகுத்தல். விமானம் ஓடுகிறதா என்பதை அது சொல்வதில்லை.

மாவட்டத்துக்குள் நெய்வேலியில் ஓர் ஓடுதளம் உண்டு, சிறு ஊர்களுக்கும் விமானம் விடுவதற்கான மத்திய அரசின் உடான் திட்டப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அந்த ஓடுதளத்துக்குப் பேசப்பட்டவை சிறு விமானங்கள்தாம். கடலூர்க்காரர்களுக்கு நடைமுறையில் உள்ள வழிகள் லாசுப்பேட்டை அல்லது சென்னை மீனம்பாக்கம். நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் இருப்பவர்களுக்கு திருச்சியும் ஒரு வழி.

10. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து லாசுப்பேட்டை எவ்வளவு தூரம்? எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

30 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் இந்தப் பக்கத்திலேயே அதிகக் கவனம் தேவைப்படும் கேள்வி இது. பெங்களூருப் பயணத்தைத் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் வானத்தில் அல்ல, இந்த 30 கிலோமீட்டரில்தான் தவறவிடுகிறார்கள்.

ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை வண்டி ஓடிவிடும். நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலம் வந்ததும், விடுமுறை நாளாக இருந்தால் படகு இல்லத்துக்கு வரும் கார்கள் சேர்ந்துகொள்ளும். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் கடந்து மரப்பாலம் சந்திப்புக்கு வந்தபின் நூறடிச் சாலையில் திரும்பி, இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் என்ற இரண்டு சிக்னல்களைத் தாண்ட வேண்டும். காலை எட்டரையிலிருந்து பத்து வரையும், மாலை ஐந்துக்குப் பிறகும் இந்த இரண்டு சிக்னல்களில் மூன்று நான்கு முறை பச்சை விழுந்து மாறியும் நகராத வண்டிகளைப் பார்க்கலாம். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் சுற்றுலாக் கூட்டத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி ஒப்படைக்கும் மேசையைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். லாசுப்பேட்டை சிறிய நிலையம், உள்ளே வரிசை நீளாது, ஆகவே ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் போதும். அங்கே போய்ச் சேர, நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு மணியும் நெரிசல் நேரத்தில் ஒன்றரை மணியும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பு கடலூரை விட்டுக் கிளம்பினால் பதற்றம் இருக்காது. பேருந்தில் போகிறவர்கள் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கும் நேரத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். திரும்பி வரும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் போலீசார் வண்டியை நிறுத்திப் பார்க்கக்கூடும், அதற்கான காரணம் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும்.

11. பையன் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறான். விமானத்தில் போனால் சீக்கிரம் போகலாமா, பஸ்ஸிலேயே போய்விடலாமா?

இந்தக் கேள்விக்கு ஊர்ப்பெயரை வைத்து விடை சொல்ல முடியாது, பேட்டையின் பெயர் வேண்டும். பெங்களூரு விமான நிலையம் நகரின் வடக்குக் கோடியில், தேவனஹள்ளியில் இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி நகரின் தெற்குக் கோடியில், ஓசூர் சாலையில் இருக்கிறது. நாம் சாலையில் போகும்போது ஓசூரும் அத்திப்பள்ளியும் தாண்டியதும் முதலில் வருவதே எலக்ட்ரானிக் சிட்டிதான். விமானத்தில் போனால் அந்த இடத்தைத் தாண்டிப் போய் வடக்கே இறங்கி, நகரம் முழுவதையும் குறுக்கே கடந்து சுமார் 55 கிலோமீட்டர் தெற்கே திரும்பி வர வேண்டும். பெங்களூரின் போக்குவரத்தில் அதற்கு ஒன்றரை மணி ஆகலாம், இரண்டரை மணியும் ஆகலாம்.

கடலூரிலிருந்து கூட்டிப் பார்ப்போம். புறப்பாட்டுக்கு முன் மூன்று மணி, பயணம் ஒண்ணேகால் மணிக்கு மேல், பெட்டி வந்து வெளியேற அரை மணி, நகரைக் கடக்க இரண்டு மணி: கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். காரில் எலக்ட்ரானிக் சிட்டி வரை ஆறு, ஆறரை மணி நேரம். பேருந்தில் அதற்கு மேல் ஒரு மணி. ஆகவே எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, எச்.எஸ்.ஆர். லேஅவுட், மடிவாளா பக்கம் போகிறவர்கள் இரவுப் பேருந்தில் தூங்கிக்கொண்டே போய் விடியலில் இறங்குவதுதான் என் அபிப்பிராயத்தில் மேல். எலஹங்கா, ஹெப்பால், மான்யதா டெக் பார்க் பக்கம் போகிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ். பேருந்தில் போனால் நகரைக் கடக்கும் தொல்லை அவர்களுக்கு, விமானத்தில் இறங்கினால் வீடு பக்கம். புதுச்சேரி நகருக்குள்ளேயே இருப்பவர்கள் இந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

சாலையில் போகிறவர்கள் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். பௌர்ணமி இரவுகளில் கிரிவலக் கூட்டத்தால் திருவண்ணாமலையில் பேருந்துகள் மாற்று வழியில் திருப்பிவிடப்படும். கார்த்திகை தீபத்தன்று அந்த வழியையே தவிர்ப்பது நல்லது.

12. ஹைதராபாத் போக சென்னையில் ஏறுவது நல்லதா, பாண்டியில் ஏறுவது நல்லதா?

கடலூர், புதுச்சேரி இரண்டிலிருந்தும் புதுச்சேரி வழிதான் நேரத்தில் குறைவு. கடலூரிலிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். சென்னை – ஹைதராபாத் நேர்கோட்டில் 507 கிலோமீட்டர், ஜெட்டில் ஒண்ணேகால் மணிக்குச் சற்று அதிகம். மொத்தம் ஏழு மணி நேரத்துக்கு மேல். லாசுப்பேட்டையில் ஏறினால் மூன்று மணியும் ஒண்ணே முக்கால் மணியும் சேர்ந்து ஐந்து மணிக்குள் சம்ஷாபாத். ஜெட் வேகமானதுதான், ஆனால் அதன் வேகம் மிச்சப்படுத்துவதைச் செங்கல்பட்டு நெரிசல் தின்றுவிடுகிறது.

சென்னைக்கு ஒரு வலுவான நியாயம் இருக்கிறது: அங்கிருந்து நாள் முழுவதும் விமானங்கள் உண்டு. காலை பத்து மணிக்கு ஹைதராபாதில் கூட்டம், அன்றிரவே திரும்ப வேண்டும் என்பவர்களுக்குப் புதுச்சேரி அட்டவணை ஒத்துவராது. திண்டிவனம், மரக்காணம் பக்கத்து ஆட்களுக்கு இரண்டும் ஏறத்தாழ சமம், கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். சம்ஷாபாதில் இறங்கிய பின், கச்சிபவுலி பக்கம் போகிறவர்களுக்கு வெளிவட்டச் சாலையும், மெஹ்திப்பட்டினம் பக்கம் போகிறவர்களுக்கு மேம்பாலச் சாலையும் இருப்பதால், பெங்களூரில் உள்ள அளவுக்கு அலைச்சல் இல்லை.

13. பாண்டியிலிருந்து சென்னைக்கே ஒரு விமானம் விடலாமே?

நேர்கோட்டில் 120 கிலோமீட்டர்தான். 5-ஆம் கேள்வியில் சொன்ன மாறாத நேரத்தைச் சேர்த்தால் டிக்கெட்டில் முக்கால் மணிக்கு மேல் வரும், விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் தனி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதற்குள் மாமல்லபுரத்தைத் தாண்டியிருக்கலாம்.

14. ரயில் இல்லையா?

உண்டு. புதுச்சேரிக்கும் பெங்களூரின் யஷ்வந்த்பூருக்கும் இடையே திருவண்ணாமலை, காட்பாடி வழியாக வாராந்தர ரயில் ஓடுகிறது. ஹைதராபாதின் காச்சிகுடாவுக்கும் ரயில் இருக்கிறது, ஓர் இரவும் அதற்கு மேலும் பிடிக்கும். நேரம் பொருட்டில்லை, சாமான் நிறைய என்றால் ரயில் போல வராது.

15. ஐப்பசி, கார்த்திகையில் விமானத்தை நம்பி டிக்கெட் போடலாமா?

போடலாம், ஆனால் மறுநாள் காலையில் நேர்முகத் தேர்வு, முகூர்த்தம், அறுவை சிகிச்சை போன்று தள்ளிப்போட முடியாத காரியம் இருந்தால் ஒரு நாள் முன்கூட்டியே கிளம்புங்கள். வடகிழக்குப் பருவமழையில் நம் கரைதான் முன்வரிசை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மழையில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கினால் விமானம் சற்று நேரம் வட்டமிட்டுப் பார்க்கும், இல்லையென்றால் சென்னைக்குத் திருப்பப்படும் அல்லது புறப்பட்ட ஊருக்கே திரும்பும். நாளுக்கு நிறைய விமானங்கள் இல்லாத வழி என்பதால், ஒன்று தவறினால் அடுத்ததற்கு மறுநாள் வரை காத்திருக்க நேரலாம்.

சாலை மட்டும் பத்திரமா என்றால் அதுவும் இல்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து உள்ளே நகர்ந்தபோது, ஊத்தங்கரையில் பேய்மழை கொட்டி, சாலையோரம் நின்ற வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றது. அது 4-ஆம் கேள்வியில் சொன்ன அதே பெங்களூருச் சாலை. அடுத்த நாட்களில் பெண்ணையாற்று வெள்ளம் கடலூர், விழுப்புரம் பக்கத்துச் சாலைகளையும் முடக்கியது.

16. சின்ன விமானம் என்றால் ரொம்ப ஆடுமாமே? அம்மாவுக்கு 70 வயது, கூட்டிப் போகலாமா?

ஏடிஆர் அதிகபட்சம் 25,000 அடி உயரத்தில் பறக்கும் விமானம். ஜெட் விமானங்கள் மேகத்துக்கு மேலே போகும் இடத்தில் இது மேகங்களுக்கு நடுவே போக நேரிடுகிறது, அதனால் ஆட்டம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். வெயில் காலத்தில் பிற்பகல் பயணத்தைவிடக் காலைப் பயணம் அமைதியாக இருக்கும். ஆட்டம் ஆபத்து ஆகாது, இருக்கைப் பட்டையைக் கழற்றாமல் இருந்தால் போதும்.

வயதானவர்களுக்கு ஆட்டத்தைவிடப் படிகள்தான் சிரமம். லாசுப்பேட்டையில் விமானம் வரை தரையில் போய், படியேறித்தான் உள்ளே நுழைய வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள்.

17. முதல் வரிசை சீட்டுக்கு அதிகக் காசு கட்டினால் முதலில் இறங்கலாமா?

இந்த விமானத்தில் கடைசியில்தான் இறங்குவீர்கள். ஏடிஆரில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம் இருக்கிறது. ஜன்னல் இருக்கைக்குக் காசு கொடுப்பது வேண்டுமானால் பயன் தரும். இறக்கை உடலின் மேற்புறத்தில் பொருத்தப்பட்டிருப்பதால் கீழே தெரியும் காட்சியை அது மறைப்பதில்லை. கைப்பை விஷயத்தில் கவனம் வேண்டும்: மேல் அலமாரி சிறியது, ஜெட்டில் நுழையும் சக்கரப் பெட்டியை இங்கே கதவருகிலேயே வாங்கிச் சரக்கறையில் வைத்துவிடலாம். மருந்து, நகை, சான்றிதழ் ஆகியவற்றைத் தனியாக ஒரு சிறு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

18. பெங்களூரு வழியாகப் பாரீஸ் போகிறோம். நடுவில் எவ்வளவு நேரம் விடணும்?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. பாதி குடும்பம் பிரான்சில் இருக்கும் தெருக்கள் இங்கே உண்டு. பெங்களூரில் வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாம் முனையத்தில் இயங்குகின்றன. உள்நாட்டு விமானத்தில் முதல் முனையத்தில் இறங்கினால் அங்கிருந்து இரண்டாம் முனையத்துக்கு மாற வேண்டும். பிறகு பெட்டி ஒப்படைப்பு, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை.

இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்த ஏற்பாடு நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அது உங்கள் பொறுப்பு, அடுத்த விமானம் உங்களுக்காக நிற்காது. தனி டிக்கெட்டுக்காரர்கள் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுவது நல்லது. மழைக்காலத்தில் 15-ஆம் கேள்வியைப் படித்துவிட்டு, பெங்களூரில் ஓர் இரவு தங்குவதையும் யோசிக்கலாம்.

19. போன தடவை மாதிரி இந்தச் சேவையும் நின்றுவிடுமா?

வரலாறு இதுதான். 2013-ல் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு விமானம் விட்டது, ஓராண்டு அளவில் நின்றது. 2015-ல் அலையன்ஸ் ஏர் சில மாதங்கள் ஓட்டியது. 2017 ஆகஸ்டில் உடான் திட்டத்தின்கீழ் ஹைதராபாத் சேவை வந்தது, 2020-ல் கொரோனா முடக்கத்தில் நின்றது. 2022 மார்ச்சில் பெங்களூரு, ஹைதராபாத் இரண்டுக்கும் மீண்டும் தொடங்கி 2024-ன் முற்பகுதியில் நின்றது. 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ வந்தது. ஆகவே உங்கள் ஐயம் நியாயமானது.

அட்டவணைகள் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்றும் மாறும். அந்த இரண்டு நாட்களைத் தாண்டிய தேதிக்கு மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுத்தால், நிறுவனத்திலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். நேரம் மாறினாலும் சேவை நின்றாலும் அதில்தான் சொல்வார்கள். டிக்கெட்டில் கொடுத்த கைபேசி எண் உங்களுடையதாக இருக்க வேண்டும், எடுத்துக்கொடுத்தவருடையதாக இருக்கக் கூடாது.

20. எந்த இரண்டு ஊருக்கும் பறக்கும் நேரத்தை நானே கணக்குப் போட வழி இருக்கிறதா?

இருக்கிறது. நேர்கோட்டுத் தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஆர் என்றால் 500-ஆலும், ஜெட் என்றால் 800-ஆலும் வகுத்து நிமிடமாக்குங்கள். அதோடு 40 நிமிடம் சேருங்கள். பெங்களூரு: 32 + 40 = 72 நிமிடம். ஹைதராபாத்: 72 + 40 = 112 நிமிடம். டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு இவை பத்து, பதினைந்து நிமிட அளவுக்குள் ஒத்துவரும். சென்னையிலிருந்து தூத்துக்குடி 529 கிலோமீட்டர், ஏடிஆர் பறந்தால் 63 + 40, அதாவது 1 மணி 43 நிமிடம். டெல்லி, மும்பை போன்ற நெரிசலான நிலையங்களுக்கு 40-க்குப் பதில் 50 சேர்ப்பது பொருத்தம். கணக்கைப் போடுவதற்கு முன் அந்த இரு ஊர்களுக்கு இடையே நேரடி விமானம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் 9-ஆம் கேள்விக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.